ஒரே டொமைன், பல மெயில் சர்வர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலக மெயில் கூகுள் வொர்க்ஸ்பேஸிலோ ஜோஹோவிலோ இருக்கும். வெப்சைட் வேறொரு விபிஎஸ்ஸில் (வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வர்) ஓடும். ஓடிபி, பில், ஆர்டர் தகவல் எல்லாம் அங்கிருந்து போகும். மார்க்கெட்டிங் ஆட்கள் நியூஸ்லெட்டருக்கென்று தனியாக ஒரு சேவை வாங்கியிருப்பார்கள். எல்லாமே ஒரே டொமைன் பெயரில்தான் மெயில் அனுப்புகின்றன. இந்தக் கூட்டத்தில் இன்னொரு சர்வரைச் சேர்க்கும்போது வழக்கமாக எழும் கேள்விகளுக்குத்தான் இங்கே பதில். எக்ஸாம்பிள்.காம் என்று வருகிற இடத்தில் உங்கள் டொமைனைப் போட்டுக்கொள்ளுங்கள். டிஎன்எஸ் (டொமைன் பெயருக்குரிய விவரங்களை இணையத்தில் சொல்லும் பதிவேடு) ரெக்கார்டுகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். பேனலில் ஆங்கிலத்தில்தான் டைப் செய்ய வேண்டும்.

புது சர்வர் மெயில் அனுப்ப எம்எக்ஸ் ரெக்கார்டு தேவையா?

தேவையில்லை. எம்எக்ஸ் என்பது உள்ளே வரும் மெயிலை எந்த சர்வரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று சொல்வது. வெளியே போகும் மெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "எதற்கும் இருக்கட்டும்" என்று புது சர்வரை எம்எக்ஸ் பட்டியலில் சேர்த்தால் வம்புதான். முதன்மை சர்வர் ஒரு நிமிடம் பதில் சொல்லாவிட்டாலும் மெயில் இங்கே வரும். இங்கே மெயில்பாக்ஸே இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடும். ஸ்பேம் அனுப்புகிறவர்களும் இரண்டாவது எம்எக்ஸில் காவல் குறைவு என்று தெரிந்தே அதைத் தேடி வருவார்கள்.

அப்படியானால் அனுப்பும் அனுமதியை எங்கே எழுதுவது?

1982-இல் எழுதப்பட்ட, மெயில் அனுப்புவதற்கான எஸ்எம்டிபி நெறிமுறையில் அனுமதி என்ற பேச்சே இல்லை. யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் மெயில் அனுப்பலாம் என்றுதான் இருந்தது. பிறகு வந்த மூன்று ஒட்டுகளைத்தான் இன்று எல்லோரும் பார்க்கிறார்கள்: எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க். மூன்றும் டிஎன்எஸ்ஸில் டெக்ஸ்ட் ரெக்கார்டாக உட்கார்ந்திருக்கும்.

மெயிலில் அனுப்புநர் முகவரி இரண்டு இடத்தில் இருக்கிறது. தபால் உறையின் மேல் எழுதியதுபோல் ஒன்று. சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது சொல்வது, பவுன்ஸ் ஆனால் (போய்ச் சேர முடியாவிட்டால்) திரும்பி வரும் முகவரி. உள்ளே கடிதத் தலைப்பில் இருப்பதுபோல் இன்னொன்று; வாசிப்பவர் கண்ணில் படும் "ஃப்ரம்" முகவரி. இரண்டும் வேறு வேறாக இருக்கலாம். எஸ்பிஎஃப் உறை முகவரியின் டொமைனை மட்டும் பார்த்து, "இந்த ஐபிக்கு அனுமதி உண்டா" என்று கேட்கிறது. டிகிம், மெயிலில் இருக்கும் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கிறது. டிமார்க்தான் கடைசியில் வந்து, "இந்த இரண்டில் ஒன்றாவது தேறியிருக்கிறதா, தேறிய டொமைன் ஃப்ரம் முகவரியில் இருக்கும் டொமைனோடு பொருந்துகிறதா" என்று கேட்கிறது. கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்தப் பொருத்தம் தவறுவதால் வருபவை.

ஏற்கெனவே ஒரு எஸ்பிஎஃப் இருக்கிறது. புது சர்வருக்கு இரண்டாவதாக ஒன்று போடலாமா?

கூடவே கூடாது. ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் ரெக்கார்டுதான். இரண்டு இருந்தால் வாங்கும் சர்வர் இரண்டில் எதையும் எடுக்காது. "பெர்ம்எரர்" (நிரந்தரப் பிழை) என்று சொல்லிவிடும். அதாவது புது சர்வருக்காக நீங்கள் செய்த வேலை, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய சர்வரின் எஸ்பிஎஃப்பையும் சேர்த்துக் கெடுக்கும். புது சேவைகளின் உதவிப் பக்கங்கள் "இந்த ரெக்கார்டைச் சேர்க்கவும்" என்று மொட்டையாக எழுதியிருப்பதால்தான் இந்தத் தவறு இவ்வளவு பரவலாக நடக்கிறது.

இருக்கும் வரிக்குள்ளேயே சேருங்கள்:

வி=எஸ்பிஎஃப்1 ஐபி4:192.0.2.10 ஐபி4:203.0.113.25 இன்க்ளூட்:_எஸ்பிஎஃப்.கூகுள்.காம் ~ஆல்

இதில் 203.0.113.25 என்பது புது சர்வர். "இன்க்ளூட்" என்றால் "அந்தச் சேவையின் பட்டியலையும் சேர்த்துக்கொள்" என்று பொருள். "ஆல்" எப்போதும் கடைசியில் இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் எழுதுவதை யாரும் படிக்க மாட்டார்கள்.

ஐபி எண்ணுக்குப் பதில் வெறும் "ஏ" என்று எழுதினால் போதாதா?

"ஏ" என்றால் "இந்த டொமைன் பெயர் எந்த ஐபிக்குப் போகிறதோ அதற்கு அனுமதி" என்று பொருள். வெப்சைட்டும் மெயிலும் ஒரே சர்வரில் இருந்த காலத்தில் சரியாக இருந்தது. இப்போது பலர் வெப்சைட்டை கிளவுட்ஃப்ளேர் (வெப்சைட்டுக்கு முன்னால் நிற்கும் இடைச் சேவை) பின்னால் வைத்திருக்கிறார்கள். அப்போது டிஎன்எஸ் காட்டுவது கிளவுட்ஃப்ளேரின் ஐபி, உங்கள் சர்வரின் ஐபி அல்ல. மெயில் போவதோ உண்மையான ஐபியிலிருந்து. எஸ்பிஎஃப் விழும், ரெக்கார்டைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். ஐபியை நேராக எழுதுங்கள். மெயில் சர்வரின் பெயருக்கான ரெக்கார்டிலும் கிளவுட்ஃப்ளேர் ப்ராக்ஸியை அணைத்து "டிஎன்எஸ் ஒன்லி" என்று வையுங்கள்.

"டூ மெனி டிஎன்எஸ் லுக்அப்ஸ்" என்று வருகிறதே?

ஒரு எஸ்பிஎஃப்பைச் சரிபார்க்க டிஎன்எஸ்ஸில் 10 தேடல்களுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி (2014-இல் வந்த, எஸ்பிஎஃப்புக்கான தர ஆவணம் ஆர்எஃப்சி 7208). இன்க்ளூட், ஏ, எம்எக்ஸ், எக்ஸிஸ்ட்ஸ், ரீடைரக்ட் எல்லாம் கணக்கில் சேரும். ஒரு இன்க்ளூட்டுக்குள் இன்னும் மூன்று இன்க்ளூட் இருந்தால் அவையும் சேரும். நாலைந்து சேவைகளைச் சேர்த்ததுமே எல்லை தாண்டிவிடும். ஐபி4, ஐபி6 இரண்டுக்கும் தேடல் இல்லை, இந்தக் கணக்கில் அவை சேராது.

எல்லா இன்க்ளூட்டையும் பிரித்து ஐபி எண்களாக எழுதிவிடும் "ஃப்ளாட்டனிங்" என்று ஒரு வைத்தியம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த நிறுவனம் தன் ஐபிகளை மாற்றும் நாளில் உங்களுக்குத் தகவல் வராது. முதலில் உபயோகத்தில் இல்லாத சேவைகளை நீக்குங்கள். அதிலேயே பெரும்பாலும் இடம் கிடைத்துவிடும். போதவில்லை என்றால் சப்டொமைன் வழிதான்.

எதைச் சப்டொமைனுக்கு மாற்றுவது?

வெளியார் சேவை எதுவானாலும் மாற்றலாம். நியூஸ்லெட்டர் நியூஸ்.எக்ஸாம்பிள்.காம், பில்களும் ஓடிபியும் பில்.எக்ஸாம்பிள்.காம் என்று. எஸ்பிஎஃப் தாய் டொமைனிலிருந்து சப்டொமைனுக்கு இறங்காது. ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுத வேண்டும். அதுவே வசதி: ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பத்துத் தேடல் கிடைக்கிறது. நியூஸ்லெட்டர் மேல் பத்துப் பேர் "ஸ்பேம்" பட்டனை அழுத்தினாலும் முதலாளியின் சொந்த மெயிலுக்கு அடி குறைவாகப் படும். ஆனால் டிமார்க் இறங்கும். சப்டொமைனுக்குத் தனியாக டிமார்க் இல்லையென்றால் தாய் டொமைனின் கொள்கையே பொருந்தும்.

புது சர்வர் சேர்க்கும் யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: தாய் டொமைனின் எஸ்பிஎஃப்பில் மனிதர்கள் கையால் மெயில் எழுதும் சேவையும் உங்கள் சொந்த ஐபிகளும் மட்டும் இருக்கட்டும். மற்ற எல்லாம் சப்டொமைனில்.

கடைசியில் ~ஆல் போடுவதா, -ஆல் போடுவதா?

-ஆல் என்றால் "பட்டியலில் இல்லாதது பொய்", ~ஆல் என்றால் "பட்டியலில் இல்லை, சந்தேகம்". கடுமையானதுதான் நல்லது என்று தோன்றும். ஆனால் சில சர்வர்கள் -ஆல் பார்த்ததும் டிகிம்மைத் திறந்துகூடப் பார்க்காமல் மெயிலை நிராகரித்துவிடும். ஒருவர் தன் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு ஃபார்வர்டு போட்டிருந்தால், உங்கள் நியாயமான மெயிலும் அப்படிப் போய்விடும், ஏனென்றால் ஃபார்வர்டு செய்யும் சர்வரின் ஐபி உங்கள் பட்டியலில் இருக்காது. ~ஆல் வைத்துவிட்டு, கடுமையை டிமார்க்கில் காட்டுங்கள். +ஆல் மட்டும் எந்தக் காலத்திலும் வேண்டாம். அது உலகத்துக்கே அனுமதி.

எஸ்பிஎஃப் பாஸ், ஆனால் டிமார்க் ஃபெயில். எப்படி?

உறை முகவரி உங்கள் டொமைன் அல்ல என்று அர்த்தம். அமேசான் எஸ்இஎஸ் (அமேசானின் மெயில் அனுப்பும் சேவை) நல்ல உதாரணம். நீங்கள் எதுவும் மாற்றாவிட்டால் அது உறையில் தன் அமேசான்எஸ்இஎஸ்.காம் டொமைனைப் போட்டே அனுப்பும். எஸ்பிஎஃப் பாஸ் ஆகும், அமேசான் பெயரில். உங்கள் எஸ்பிஎஃப்பில் அதை இன்க்ளூட் செய்வதால் பயனே இல்லை, யாரும் அதை எட்டிப்பார்ப்பதில்லை. "கஸ்டம் மெயில் ஃப்ரம்" என்ற அமைப்பில் உங்கள் சப்டொமைன் ஒன்றைக் கொடுத்தால்தான் பொருந்தும். சாதாரணமாக டிமார்க் சப்டொமைனையும் தாய் டொமைனையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். "ஸ்ட்ரிக்ட்" என்று நீங்களே சொன்னால்தான் எழுத்துக்கு எழுத்துப் பார்க்கும்.

இதைவிட நம்பகமானது டிகிம். கையெழுத்து உங்கள் டொமைனில் இருந்தால் எஸ்பிஎஃப் தவறினாலும் டிமார்க் தேறும். பெரும்பாலான ஃபார்வர்டுகளையும் தாண்டும். பொது சேவைகளில் இன்னொரு விஷயமும் இருக்கிறது: இன்க்ளூட் செய்ததும் அந்த நிறுவனத்தின் ஐபிகள் முழுவதற்கும் அனுமதி கொடுக்கிறீர்கள், அங்கே உங்களோடு இருக்கும் மற்ற வாடிக்கையாளர்களும் அதே ஐபிகளிலிருந்துதான் அனுப்புகிறார்கள். டிகிம் சாவி அப்படிப் பொதுவானது அல்ல.

பழைய சர்வரின் டிகிம் சாவியைப் புது சர்வரில் காப்பி செய்யலாமா?

வேலை செய்யும், ஆனால் செய்யாதீர்கள். டிகிம்மில் "செலக்டர்" என்ற பெயர் இருப்பதே பல சாவிகள் வைத்துக்கொள்ளத்தான். எஸ்பிஎஃப் போல் ஒன்றே ஒன்று என்ற கட்டுப்பாடு இங்கே இல்லை. வெப்1._டொமைன்கீ.எக்ஸாம்பிள்.காம், வெப்2._டொமைன்கீ.எக்ஸாம்பிள்.காம் என்று சர்வருக்கு ஒரு செலக்டர். நாளை ஒரு சர்வரை யாராவது உடைத்துப் புகுந்தால் அந்த ஒரு சாவியை மட்டும் தூக்கிவிடலாம்.

சாவி 2048 பிட் இருக்கட்டும். அந்த நீளச் சாவி டெக்ஸ்ட் ரெக்கார்டின் ஒரு சரத்துக்கான 255 எழுத்து எல்லையைத் தாண்டும்; இரண்டு மேற்கோள் துண்டுகளாகப் பிரித்து எழுத வேண்டும். சில பேனல்கள் தானே பிரிக்கும், சில சத்தமில்லாமல் வெட்டிவிடும். சேமித்த பிறகு, டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் பார்க்கும் டிக் கமாண்டில் ஒருமுறை பார்த்து, முழுச் சாவியும் வருகிறதா என்று உறுதி செய்யுங்கள்.

பிடிஆர் ரெக்கார்டு என் டிஎன்எஸ் பேனலில் போட்டேன், பலனில்லை.

அது உங்கள் பேனலில் போடுவதல்ல. ஐபியிலிருந்து பெயருக்குப் போகும் ரெக்கார்டு அது. ஐபி யாருடையதோ அவர்கள்தான், அதாவது ஹோஸ்டிங் நிறுவனம்தான், அமைக்க முடியும். பல விபிஎஸ் நிறுவனங்களின் கண்ட்ரோல் பேனலில் "ரிவர்ஸ் டிஎன்எஸ்" என்று ஒரு கட்டம் இருக்கும். இல்லையென்றால் டிக்கெட் போட்டுக் கேளுங்கள்.

ஐபி 203.0.113.25, பெயர் மெயில்2.எக்ஸாம்பிள்.காம் என்றால், ஐபியைக் கேட்டால் அந்தப் பெயர் வர வேண்டும், பெயரைக் கேட்டால் அதே ஐபி வர வேண்டும். சர்வர் இன்னொரு சர்வரோடு பேச்சைத் தொடங்கி ஹலோ சொல்லும்போதும் அதே பெயரைச் சொன்னால் நல்லது. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளில் அது மைஹோஸ்ட்நேம் என்ற வரி. ஃப்ரம் முகவரியின் டொமைனும் பிடிஆர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சிலர் ஐபிக்கு ஐந்து பிடிஆர் போடுகிறார்கள். அது தேவையே இல்லை. ஒரு ஐபிக்கு ஒரு பெயர், அதன் வழியாக எத்தனை டொமைன் மெயிலும் போகலாம்.

எல்லாம் சரி, ஆனால் மெயில் சர்வரை விட்டே வெளியேறவில்லை.

போர்ட் 25 (சர்வர்கள் ஒன்றுக்கொன்று மெயில் கொடுக்கும் வழி) அடைபட்டிருக்கும். அமேசான் இசி2, கூகுள் கிளவுட், டிஜிட்டல் ஓஷன் எல்லாமே ஸ்பேமுக்குப் பயந்து வெளியே போகும் 25-ஐ இயல்பாகவே மூடி வைத்திருக்கின்றன. அமேசானிடம் விண்ணப்பித்தால் திறக்க வாய்ப்புண்டு. வீட்டு பிராட்பேண்டிலிருந்து அனுப்பும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். அந்த ஐபிகளில் பெரும்பாலானவை ஸ்பேம் தடுப்பு அமைப்பான ஸ்பாம்ஹவுஸின் பிபிஎல் பட்டியலில் (நேராக மெயில் அனுப்பக்கூடாத ஐபிகள்) இருக்கும்.

போர்ட் திறக்காவிட்டால் நேராக அனுப்பாமல், போர்ட் 587 திறந்திருந்தால் அதன் வழியாக வேறொரு சேவைக்குக் கொடுத்து அனுப்பச் சொல்லலாம். போஸ்ட்ஃபிக்ஸில் ரிலேஹோஸ்ட் என்ற வரியும் பாஸ்வேர்டும் போதும். சொல்லப்போனால், தினம் நூறு இருநூறு பில் அனுப்பும் கடைக்கு இன்னொரு மெயில் சர்வரே தேவையில்லை. இந்த ரிலே போதும். கூகுள் வொர்க்ஸ்பேஸ் கணக்கு ஒன்று நாளுக்கு 2,000 மெயில் வரை அனுப்ப விடும். சாதாரண ஜிமெயில் 500.

ஊர் முழுக்க மெயில் போகிறது, எங்கள் ஆபீஸ் ஆட்களுக்கு மட்டும் போகவில்லை!

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் ஒரு நாள் மிச்சம். புது சர்வர் தன்னையே எக்ஸாம்பிள்.காம்-இன் வீடு என்று நம்பிக்கொண்டிருக்கிறது. அதனால் அந்த டொமைனுக்குப் போகும் மெயிலை வெளியே அனுப்பாமல் தன்னிடமே மெயில்பாக்ஸ் தேடுகிறது. இல்லையென்றால் "யூசர் அன்நோன்" என்று பவுன்ஸ். அதே பெயரில் பழைய மெயில்பாக்ஸ் ஒன்று இருந்துவிட்டால் இன்னும் மோசம், மெயில் அங்கே போய் யாரும் திறக்காத பெட்டியில் விழுந்துகொண்டே இருக்கும், பிழைச் செய்தியும் வராது. போஸ்ட்ஃபிக்ஸில் மைடெஸ்டினேஷன் வரியிலிருந்து டொமைன் பெயரை எடுத்துவிடுங்கள். சிபேனல் என்ற ஹோஸ்டிங் நிர்வாகப் பக்கத்தில் "இமெயில் ரௌட்டிங்" போய் "ரிமோட் மெயில் எக்ஸ்சேஞ்சர்" என்று மாற்றுங்கள்.

வெப்சைட்டின் தொடர்புப் படிவத்திலிருந்து வரும் மெயில் மட்டும் ஸ்பேமுக்குப் போகிறது.

படிவத்தை நிரப்பியவரின் முகவரியை ஃப்ரம்மில் போட்டு அனுப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். அவர் யாஹூ முகவரி கொடுத்திருந்தால், உங்கள் சர்வர் யாஹூ பெயரில் பொய்க் கடிதம் போடுகிறது என்றுதான் வாங்குபவர் நினைப்பார். ஃப்ரம்மில் உங்கள் சொந்த முகவரி, அவருடையது ரிப்ளை-டூவில்.

சில மெயில் பாஸ், சில ஃபெயில். ஒரே சர்வர்தான்.

ஐபிவி6-ஐப் பாருங்கள். விபிஎஸ் வாங்கும்போதே ஐபிவி6 முகவரியும் சேர்ந்து வந்திருக்கும். ஜிமெயில் போன்ற இடங்களுக்குச் சர்வர் அந்த வழியில் போகும். உங்கள் எஸ்பிஎஃப்பிலோ ஐபி4 மட்டும்தான் இருக்கும், ஐபிவி6-க்குப் பிடிஆரும் இருக்காது. இரண்டையும் அமையுங்கள், அல்லது போஸ்ட்ஃபிக்ஸில் இனெட்_ப்ரோட்டோகால்ஸ் வரியை ஐபிவி4 என்று மாற்றி அந்த வழியை மூடிவிடுங்கள். சின்ன நிறுவனத்துக்கு இரண்டாவதே நிம்மதி.

முதல் நாளிலேயே முழுப் பட்டியலுக்கும் அனுப்பலாமா?

புது ஐபிக்கு நல்ல பெயரும் இல்லை, கெட்ட பெயரும் இல்லை. திடீரென்று பத்தாயிரம் மெயில் கொட்டினால் ஜிமெயில் 421 என்று தொடங்கும் பதிலைச் சொல்லி நிறுத்திவைக்கும். சில நூறில் ஆரம்பித்து, உங்கள் மெயிலை வழக்கமாகத் திறந்து படிப்பவர்களுக்கு முதலில் அனுப்பி, சில வாரங்களில் ஏற்றுங்கள். அதுவரை மீதியைப் பழைய சர்வரே பார்க்கட்டும். மறந்துவிடக்கூடிய ஒன்று: பழைய சர்வரில் "வேண்டாம்" என்று விலகியவர்கள், பவுன்ஸ் ஆன முகவரிகள் ஆகியவற்றின் பட்டியலும் புது சர்வருக்கு வர வேண்டும்.

5,000 மெயில் விதியைத் தவிர்க்கச் சர்வர்களுக்குள் பிரித்து அனுப்பினால்?

பலிக்காது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வேண்டும் என்கின்றன. விளம்பர மெயிலில் ஒரே கிளிக்கில் விலகும் வசதியும் வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. ஜிமெயிலின் கணக்குப்படி தனிநபர் ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 அளவுக்கு அனுப்பினால் நீங்கள் மொத்தமாக அனுப்புகிறவர். கூகுள் எண்ணுவது தாய் டொமைன் வாரியாக. சப்டொமைன்களும் அதில் சேரும். ஒருமுறை அந்தப் பட்டியலில் ஏறினால் இறங்குவதும் கிடையாது. அவுட்லுக்.காம் 2025 மே 5 முதல் இதேபோன்ற விதியைக் கொண்டுவந்தது.

எந்த வரிசையில் செய்வது?

முதலில் டிமார்க், அதுவும் "பி=நன்" என்று, அறிக்கை வரும் முகவரியோடு. இது மெயிலை எதுவும் செய்யாது; யார் யார் உங்கள் பெயரில் அனுப்புகிறார்கள் என்று பெரிய நிறுவனங்கள் தினம் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பை அனுப்பும். ஓரிரு வாரம் அதைப் பார்த்தால், கணக்குப் பிரிவு வாங்கிய சம்பளச் சீட்டு மென்பொருள், யாரோ எப்போதோ இணைத்த சர்வே சேவை எல்லாம் வெளியே வரும். அதைத் தெரிந்துகொள்ளாமல் எஸ்பிஎஃப்பில் கை வைக்காதீர்கள். அப்புறம் டிஎன்எஸ்ஸில் டிடிஎல்லை (ஒரு ரெக்கார்டை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடிக்குக் குறைத்து, பழைய டிடிஎல் காலம் முடியும்வரை காத்திருந்து, புது சர்வரின் ஐபி, பிடிஆர், டிகிம் மூன்றையும் போட்டு, ஒரு ஜிமெயில் முகவரிக்குச் சோதனை மெயில் அனுப்புங்கள். "ஷோ ஒரிஜினல்" திறந்தால் மேலேயே மூன்றுக்கும் பாஸ், ஃபெயில் தெரியும். பாஸ் என்ற சொல்லோடு நிற்காமல், பக்கத்தில் எந்த டொமைன் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள்.

"குவாரன்டைன்" (ஸ்பேமில் போடு), "ரிஜெக்ட்" (நிராகரி) என்ற டிமார்க் கொள்கைகள் எல்லாம் அறிக்கையில் உங்கள் சொந்த சர்வர்கள் எதுவும் ஃபெயில் ஆகாமல் சில வாரம் ஓடிய பிறகு. அதற்காக வருடக்கணக்கில் "நன்"னிலேயே கிடப்பதும் சரியில்லை. அப்போது உங்கள் பெயரில் பொய் மெயில் போவதை வெறும் வேடிக்கைதான் பார்க்கிறீர்கள்.

பழைய சர்வரை மூடும்போது?

அதன் ஐபியை எஸ்பிஎஃப்பிலிருந்து எடுத்த பிறகுதான் ஹோஸ்டிங்கை ரத்து செய்யுங்கள். கிளவுடில் நீங்கள் விட்ட ஐபி வேறு ஒருவருக்குப் போகும். உங்கள் ரெக்கார்டில் அது இன்னும் இருந்தால் அவர் அனுப்பும் மெயிலுக்கு உங்கள் பெயரில் எஸ்பிஎஃப் பாஸ் கிடைக்கும். அதற்கு முன், க்யூவில் (அனுப்பக் காத்திருக்கும் வரிசையில்) மெயில் எதுவும் நிற்கவில்லை என்று பாருங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 5 நாள் வரை திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். டிகிம் செலக்டரை மட்டும் ஒரு வாரம் கழித்து அழியுங்கள். வழியில் எங்காவது தாமதமான மெயிலின் கையெழுத்தை யாராவது அப்போது சரிபார்த்துக்கொண்டிருக்கலாம்.